மெட்ராஸில் நீ குடித்த டீ

ஏட்டி கோமு, என் மாமன் மகளே, கூடப் பிறக்காவிட்டாலும் கூடவே வளர்ந்தவளே,

நீ இருக்கிற இடத்தில் நாலு மணிக்கு டீ கிடைக்கிறதா? நல்லா இருக்கியா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று தெரியும். ஆனாலும் உன்னிடம் கேட்க எனக்கு முதலில் இதுதான் வாயில் வருகிறது.

பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு ‘நான் கண்ட மெட்ராஸ்’ என்று ஒரு கட்டுரை கேட்டார்கள் தமிழம்மா. உட்கார்ந்து எழுதினால் ஒவ்வொரு வரியும் உன்னிடம் பேசுவது போலவே வருகிறது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் நீயே வந்து உட்கார்ந்துகொண்டாய். சரி, உனக்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் படித்தால் படித்துக்கொள்ளட்டும். உன்னை அறியாத சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்காக மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கோமதி என் தாய்மாமாவின் மகள். ஒன்பதாம் வகுப்புவரை என் பெஞ்சில் சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவள். இருதயத்தில் வால்வு கெட்டுப்போய், போன கார்த்திகையில் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவள். திரும்பி வந்தாள். ஆனால் நடந்து வரவில்லை.

அந்த வாரப் பத்திரிகை உனக்கு ஞாபகம் இருக்கும். நூலகத்தில் யாரோ எண்ணெய்க் கை பட்டுப் பாதி ஒட்டிப்போயிருந்த பக்கம். பெருநகரத்தில் மாலைத் தேநீரை எங்கே அருந்தலாம் என்று ஒரு கட்டுரை. நூலகர் முறைக்க முறைக்க நீ கிசுகிசுவென்று எனக்கு வாசித்துக் காட்டினாய். பிரம்பு நாற்காலி, வெள்ளைத் துணி விரித்த மேசை, மூலையில் ஒருவர் பியானோ வாசிப்பார், பெண்கள் தனியாக வந்து உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று போட்டிருந்தது. அந்தக் கடைசி வரியை நீ இரண்டு தரம் வாசித்தாய்.

ஏன் வாசிக்கமாட்டாய்? நீ டீக்கடைக்காரர் மகள். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உன் அப்பா கடையைத் தெரியாத மில்காரர் கிடையாது. ஆனால் நீ ஒரு நாளும் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் டீ குடித்ததில்லை. நம் ஊரில் எந்தப் பெண்பிள்ளை குடித்திருக்கிறாள்? நமக்கு டீ என்றால் தூக்குவாளியில் வீட்டுக்கு வருவது. வந்து சேர்வதற்குள் நுரையெல்லாம் அடங்கி மேலே ஆடை படர்ந்துவிடும்.

நீ அந்தப் பியானோ ஓட்டலைத் தேர்ந்தெடுத்தாய். நான் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தேன்.

“கடக்கரையில மண்ணு பறக்கும்ட்டி. டீயில விழும்.”

“ஒன் ஓட்டல்ல கோட்டு போட்ட ஆளு பக்கத்துலயே நிப்பாரு. அவரு பாக்கும்போது நீ எப்படி பன்னு முக்கித் திம்ப?”

“அண்ணே, செத்த நேரம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்கன்னு சொல்லுவேன்.”

மெட்ராஸ் போகும்போது இரண்டு இடத்துக்கும் போவது என்று பேசி முடித்தோம். நீ முதலில் போய்விட்டாய்.

இப்போது உன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன்னைக் கொண்டுவந்து எல்லாம் முடிந்த பிறகு மாமா கடையைத் திறந்தார். ஆனால் டீ ஆற்றவில்லை. சோழபுரத்திலிருந்து ஒரு மாஸ்டரை அழைத்துவந்து பாய்லர் பக்கம் நிறுத்திவிட்டு, அவர் கல்லாவில் உட்கார்ந்துகொண்டார். கையை மேலே தூக்கி, ஒரு முழ நீளத்துக்கு டீயை நூல் போல இறக்குவாரே, அது நின்றுபோனது.

மில்காரர்கள் விட்டபாடில்லை. “அண்ணாச்சி, ஒங்க கை டீ குடிச்சு எம்புட்டு நாளாச்சு. இன்னைக்கு ஒண்ணு ஆத்துங்களேன்.”

“மாஸ்டர் போடுவாரு, குடிங்க.”

“மாஸ்டர் போடுற டீயில வாய்தான் கொப்புளிக்கலாம்.”

உள்ளேயிருந்து மாஸ்டர் குரல் கொடுப்பார்: “அப்ப நாளைக்கு வேப்பங்குச்சியும் கொண்டாங்க.”

எல்லாரும் சிரிப்பார்கள். மாமா சில்லறையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

துக்கம் என்றுதான் ஊரே சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் யோசித்துப் பார், கோமு. துக்கம் என்றால் மனுஷர் கடைக்கே வந்திருக்கக் கூடாது அல்லவா? மாமா வந்தார். வடைக்கு வெங்காயம் அரிந்தார், கிளாஸ் கழுவினார், விறகு கூடப் பிளந்தார். ஆற்றுவது ஒன்றை மட்டும் செய்யவில்லை. அம்மா கேட்டதற்கு, “கை வரல” என்று மட்டும் சொன்னாராம். உன் அம்மா ஒரு நாள் என் அம்மாவிடம், “சாப்பிட ஒக்காந்தா அவிய ரெண்டு கையையும் விரிச்சு வச்சுப் பாத்துக்கிட்டே இருக்காவ மதினி. எனக்குப் பயமா இருக்கு” என்றார்கள். அந்தக் கைக்கு என்ன ஆயிற்று? யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அது தெரிந்தே ஆக வேண்டும் போல இருந்தது. உன்னிடம் கேட்க முடிந்திருந்தால் கேட்டிருப்பேன்.

இதற்கிடையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த பேச்சுப் போட்டியில் எனக்கு முதல் பரிசு. திரும்பி வரும்போது, பஸ் வன்னியம்பட்டி தாண்டுகிறவரை உன்னிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். பிறகுதான் நினைவு வந்து சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த போட்டி மெட்ராஸில். அப்பா பட்டாளத்தில், வடக்கே எங்கேயோ பனியில் இருக்கிறார். மெட்ராஸ் பாதை தெரிந்தவர் நம் வீட்டில் மாமா ஒருவர்தான்.

அம்மா தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். “அண்ணே, அந்த ஊருக்கு மறுபடி ஒங்கள போகச் சொல்ல எனக்கு வாய் வரல. பிள்ள ஆசப்படுதா.”

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, “கூட்டிட்டுப் போறேன்” என்று மட்டும் சொன்னார்.

எழும்பூரில் இறங்கி, சைதாப்பேட்டையில் போலீஸ் வேலையில் இருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் தங்கினோம். அவருக்காக மாமா பால்கோவா வாங்கி வந்திருந்தார். போட்டி மறுநாள் காலையில். அதைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. மெட்ராஸ் பிள்ளைகள் மேடையில் ஏறினால் மைக்கை அவர்களே உயரம் சரிசெய்துகொள்கிறார்கள். நான் அண்ணாந்து பேசினேன். எனக்குப் பரிசு இல்லை. “பாதிப் பேச்சுல ஒனக்கு மைக்கே எட்டலியே தாயி. எட்டியிருந்தா நீதான்” என்றார் மாமா. அவ்வளவுதான், பாரம் இறங்கியது. ரயில் சாயங்காலத்துக்கு மேல்தான். மத்தியானம் முழுக்க எங்களுக்கு.

கோமு, பத்திரிகைக்காரருக்கு மெட்ராஸில் டீ குடிக்கும் இடம் பாதிகூடத் தெரியவில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். மவுண்ட் ரோட்டில் ஒரு முஸ்லிம் ஓட்டல் உண்டு. டீயில் ஏலக்காய் மணக்கிறது. கூடவே மொறுமொறுவென்று சமோசா. அங்கே தடுப்புக்குப் பின்னால் பெண்களுக்கென்று தனியாக நாலு மேசை. நான் உட்கார்ந்தேன், நம்புவாயா? மின்விசிறிக்குக் கீழே, பளிங்கு மேசையில் முழங்கை ஊன்றி. மாமா தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து, “குடிச்சிட்டியா, குடிச்சிட்டியா” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு கடற்கரைக்குப் போனோம். அங்கே டீ நடந்து வருகிறது. கெண்டியை அடுப்போடு தூக்கிக்கொண்டு ஒருவர் மணலில் நடக்கிறார். ‘டீ டீ டீ’ என்று அவர் சொல்கிற வேகத்தில் அலைச் சத்தத்துக்கு நடுவே குருவி கத்துவது போல இருக்கிறது. நீ சொன்னது சரிதான். மண் விழத்தான் செய்தது. இருந்தாலும் நான் கடைசி வாய் வரை குடித்தேன், உனக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதற்காகவே.

அதன் பிறகுதான் மாமாவிடம் மெதுவாகக் கேட்டேன். “மாமா, இங்கன பக்கத்துல ஒரு பெரிய ஓட்டல் இருக்காம். பியானோ எல்லாம் வாசிப்பாங்களாம். வெளிய நின்னு பாத்துட்டு மட்டும் போவமா?”

மாமா நின்றுவிட்டார். “அது எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியும்” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பின்னாலேயே போனேன். ஓட்டலின் பெயரைப் போட வேண்டாம் என்று மாமா சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. பெரிய வெள்ளைக் கட்டடம், வாசலில் தலைப்பாகை கட்டிய காவல்காரர். மாமா உள்ளே போகவும் இல்லை, விட்டு நகரவும் இல்லை. எதிர்ப்பக்கம் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் பெட்டிக்கடை இருந்தது. அங்கே ஆபீஸ் வேலை பார்க்கும் பெண்கள் தோளில் பையை மாட்டிக்கொண்டு, நின்றபடியே டீ குடித்துக்கொண்டு சத்தமாக யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். மேலதிகாரியாக இருக்கும். ஒருத்தரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் போய் நின்றேன். ரோட்டோரத்தில் நின்று டீ குடிக்கிறேன், ஏட்டி!

மாமா தன் கிளாஸைக் குடிக்கவில்லை. ஓட்டல் வாசலையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

“கோமுவ அங்க கூட்டிட்டுப் போனேன். மறுநாள்தான் ஆஸ்பத்திரில கட்டில் தாரோம்னாங்க. எங்க போவணும் தாயின்னு கேட்டேன். இத சொன்னா.”

நீ போயிருக்கிறாய்! எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். “எப்படி இருந்துச்சு மாமா?” என்று கேட்டுவிட்டேன்.

“டீ கேட்டோம். ஒரு தட்டுல சாயாத்தண்ணி தனியா, பால் தனியா, சீனி தனியா கொண்டாந்து வச்சுட்டுப் போயிட்டான். எனக்கு அது என்னான்னு வெளங்கல. வேலைய பாதியில விட்டுட்டுப் போயிட்டான்னு நெனச்சேன். பிள்ள ஆசையா வந்திருக்காளேன்னு நானே எந்திரிச்சு, எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து, கப்புல இருந்து பால் சொம்புக்கும் சொம்புல இருந்து கப்புக்கும் கடைல ஆத்துத மாதிரியே ஆத்துனேன். கைய நல்லாத் தூக்கி. ஒரு சொட்டு கீழ விழல. நிமுந்து பாத்தா அந்த ஹாலே பேசாம இருக்கு. பியானோக்காரரும் நிறுத்திட்டாரு. ஒரு வெள்ளக்காரரு நாக்காலியத் திருப்பிப் போட்டு ஒக்காந்து பாக்காரு.”

மாமாவின் குரல் இறங்கியது.

“கோமுவப் பாத்தேன். மேசையில தலையக் கவுத்திக்கிட்டா. தோளு ரெண்டும் குலுங்குது. சத்தமே இல்ல. வெளிய வரும்போது கண்ணெல்லாம் தண்ணி. அம்புட்டு பேரு முன்னால எம்பிள்ளைய அசிங்கப்படுத்திட்டேன் தாயி. அவ கடைசியா ஆசப்பட்டு வந்த எடம். இந்தக் கை சும்மா இருந்திருக்கக் கூடாதா?”

கோமு, என் கையில் கிளாஸ் சுட்டுக்கொண்டிருந்தது. அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. ஏனென்றால் உன் அப்பாவுக்கு ஒன்று தெரியவில்லை என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது. அவருக்கு உன் சிரிப்பு தெரியாது.

எப்படித் தெரியும்? விடிவதற்கு முன்னால் கடைக்குப் போகிறவர், நீ தூங்கிய பிறகு வீட்டுக்கு வருகிறவர். அப்பா முன்னால் நீ புன்னகையோடு நிறுத்திக்கொள்வாய். உன் நிஜச் சிரிப்பு வகுப்பில் எங்களுக்குத்தான்.

“மாமா, அது அழுகை இல்ல.”

“நீ சின்னப் பிள்ள. என்னைத் தேத்துத.”

“இல்ல மாமா. அவ சிரிச்சா அப்படித்தான். தலைய டெஸ்க்ல கவுத்திருவா, தோளு குலுங்கும், சத்தமே வராது, கண்ணுல தண்ணி கொட்டும். சமூக அறிவியல் டீச்சர் சேலையில சாக்பீஸ் டப்பா மாட்டிக்கிட்டு, அவங்க போற எடமெல்லாம் கூடவே போச்சு. அன்னைக்கு இப்படித்தான் கவுந்துட்டா. டீச்சர் வந்து, ‘கோமதி, நெஞ்சு வலிக்குதாம்மா’ன்னு கேட்டு, அழுதாங்க மாமா. சோடா வாங்கியாரச் சொல்லி ஆள் அனுப்பிட்டாங்க. அவளால இல்லன்னு சொல்லவும் முடியல. சோடாவயும் குடிச்சுட்டா.”

மாமா என் முகத்தையே பார்த்தார். “நெசமாவா?”

“வெளிய வந்து என்ன சொன்னா ஒங்ககிட்ட?”

“நல்லா இருந்துச்சுப்பான்னா. என் மனசு நோகக் கூடாதுன்னு…”

“மாமா! அவ யாரு மனசு நோகக் கூடாதுன்னு என்னைக்குப் பொய் சொன்னா? எங்க அம்மா வச்ச சாம்பார, ‘அத்த, இது மில் ஓடைத் தண்ணி மாதிரி இருக்கு’ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னவ.”

அதுதான் அவரைப் பிடித்து நிறுத்தியது என்று நினைக்கிறேன். பெட்டிக்கடைக்காரர், “ஆறிப்போச்சு பெரியவரே, மாத்தித் தரட்டுமா” என்று கேட்டதுகூட அவர் காதில் விழவில்லை. பிறகு தனக்குத்தானே பேசுவது போல ஆரம்பித்தார்.

“அப்ப… ஆத்துததுக்கு முன்னால அந்த சர்வர் பையன்ட்ட, ‘மாஸ்டர் இன்னைக்கு லீவா தம்பி?’ன்னு கேட்டேன். அப்பவே அவ முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. அதுவும்…?”

“பின்ன!”

“ரெண்டாவது கப்ப ஆத்தும்போது, ‘அப்பா, இன்னும் கொஞ்சம் ஒசத்தி’ன்னு முனங்குனா. எனக்குக் காதுல சரியா விழுந்துச்சு, ஆனா நம்பல. வெறுப்புல குத்திப் பேசுறான்னு நெனச்சேன்.”

“மாமா, அவ ஒங்க கைய பாத்துக்கிட்டு இருந்திருக்கா. கடையில அவ ஒரு நாளாவது பக்கத்துல நின்னு பாத்திருக்காளா? தூக்குவாளி டீதானே எங்களுக்கு.”

கோமு, அப்போது மாமா சிரித்தார். உன்னைப் போல இல்லை. ஓவென்று, மரத்தில் இருந்த காக்கையெல்லாம் எழும்புகிற மாதிரி. ஆபீஸ் அக்காமார்கள் திட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். “மாஸ்டர் லீவான்னு கேட்டேன் தாயி… அவன் பாவம், முழிக்கான்…” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்து, துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள் எப்போது சிரிப்பு முடிந்து மற்றது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

முகத்தைத் துடைத்துவிட்டு, “உள்ள போவமா? ஒனக்கும் வாங்கித் தாரேன்” என்றார்.

“தோத்துட்டுப் போயி அங்க ஒக்காந்தா நல்லாவா இருக்கும்” என்று சொல்லிவிட்டேன். உனக்கு மட்டும் நிஜத்தைச் சொல்கிறேன். அந்த ஹாலில் நீயும் மாமாவும் இருக்கிற மத்தியானம் அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது. நான் போய் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாமே.

திரும்பி வரும் ரயிலில், செங்கல்பட்டு தாண்டி, தூங்கிவிட்டார் என்று நினைத்த மனுஷர் கண்ணைத் திறக்காமலே, “சோடாவயும் குடிச்சுட்டாளா?” என்று கேட்டார். “முழுசும் குடிச்சுட்டா மாமா” என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். உனக்குத் தெரியும், காரணம் இல்லாமல் தங்கச்சி வீட்டுக்குக் கூட வரமாட்டார். வெற்றிலையை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அம்மா அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து என்னிடம் கேட்டார்:

“ஏட்டி, வேற எதுக்கெல்லாம் சிரிப்பா?”

நான் ஆரம்பித்தேன். ஆடிப்பூரத் தேருக்குப் போன அன்றைக்குக் கூட்டத்தில் நீ என் அம்மா என்று நினைத்து யாரோ ஒரு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரத வீதி முழுக்கச் சுற்றியதைச் சொன்னேன். அந்த அம்மாவும் உன்னைத் தன் மகள் என்றே நினைத்துக்கொண்டு, சவ்வு மிட்டாய் வாங்கித் தந்து, வளையலும் போட்டுவிட்டதைச் சொன்னேன். அம்மா டீயைக் கொண்டுவந்து வைத்தாள். ஆவி பறக்கிற சூடு. மாமா என் வாயையே பார்த்துக்கொண்டு, ஒரு கையில் டம்ளரையும் ஒரு கையில் டபராவையும் எடுத்தார். “பொறவு? பொறவு?” என்று கேட்டுக்கொண்டே கையைத் தூக்கினார். டீ நூல் போல இறங்கியது. அம்மா கதவோரம் அப்படியே நின்றுவிட்டாள். நான் கதையை நிறுத்தவே இல்லை. நிறுத்தினால் அவருக்குத் தெரிந்துவிடும் அல்லவா?

கடையில் இன்னும் சோழபுரத்து மாஸ்டர்தான் நிற்கிறார். மாமா எப்போது பாய்லர் பக்கம் போவார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் மாட்டேன்.

ஆனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஒன்பது வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததெல்லாம் எனக்கு மட்டும் சொந்தம் என்று இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்தேன். இனி அப்படி வைத்திருக்க மாட்டேன். மாமா வருகிற ஞாயிறெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்வேன். நீ கேலி செய்தது, கோபப்பட்டது, கணக்குப் பரீட்சையில் எனக்கு மட்டும் விடையைக் காட்ட மறுத்தது எல்லாம். மிகைப்படுத்தாமல் சொல்வேன், ஒன்றையும் விடாமல் சொல்வேன். உன் அப்பா தன் மகளை முழுசாகத் தெரிந்துகொள்கிறவரை சொல்லிக்கொண்டே இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அத்தை மகள், உன் வாயால் ‘மதினி’ என்று கேட்டால் மட்டுமே திரும்பிப் பார்க்கிற,
செண்பகம்